உபகாரச் சம்பளம் சம்பளமாகுமா?

கல்லூரியிற் பயிலும் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தால் பெற்றோர்க்கு மகிழ்ச்சியோடு ஓர் ஐயமும் எழுவதுண்டு. "பிள்ளைக்கு வருமானம் வந்துவிட்டதே, வரி கட்ட வேண்டுமோ? அவன் பேரில் நாம் பெறும் வரி நிவாரணம் போய்விடுமோ?" என்பதே அது. இவ்வையத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம். சம்பளம் என்றால் உழைப்பின் கூலி என்றே தோட்டத்திலும் பட்டணத்திலும் பொருள் கொள்ளுகிறோம். சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை.

சிங்கப்பூரின் 1947ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, பள்ளியிலோ கல்லூரியிலோ பல்கலைக் கழகத்திலோ முழுநேரமாகப் பயில்பவர் பெறும் உபகாரச் சம்பளத்துக்கு வரி இல்லை. பீட்டி ரோட்டிலுள்ள சிண்டா போன்ற அமைப்புகள் முழுநேர மாணவர்க்கு வழங்கும் உதவித் தொகையும் இவ்வினமே.

இனி, பெற்றோரின் நிவாரணத்தைப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு 4,000 வெள்ளி வருமானத்தினின்று கழிக்கப்படும். தந்தையும் தாயும் இதைத் தம்முள் பகிர்ந்துகொள்ளலாம். 16 வயதைக் கடந்த பிள்ளையாயின், முந்தைய ஆண்டில் முழுநேரம் படித்திருத்தல் வேண்டும்; மணமாகாதிருத்தல் வேண்டும்; அவ்வாண்டு வருமானம் வரம்பை மீறலாகாது. அவ்வரம்பு முன்னர் 4,000 வெள்ளியாயிருந்தது. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 8,000 வெள்ளி ஆயிற்று.

இவ்வரம்பைக் கணக்கிடும்போது உபகாரச் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. பகுதிநேர வேலைக் கூலியும், வரியில்லாத வங்கி வட்டியுங்கூடச் சேரும். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு மாணவிக்கு உதவித் தொகை 6,000 வெள்ளி, சிராங்கூன் சாலைக் கடையொன்றில் விடுமுறைக் கூலி 3,500, வட்டி 100. மொத்தம் 9,600 எனத் தோன்றினும், கணக்கில் வருவது 3,600 மட்டுமே. நிவாரணம் உண்டு. உதவித் தொகையே இன்றி, கூலி மட்டும் 8,500 ஆயின் நிவாரணம் இல்லை.

நிவாரணம் 4,000 என்றால் வரியில் 4,000 குறையும் என எண்ணற்க. நூற்றுக்கு 7 வீதம் வரி செலுத்தும் படியிலுள்ளவர்க்கு மிச்சமாவது 280 வெள்ளி.

பிள்ளைக்குக் கட்டும் கல்லூரிக் கட்டணத்துக்குத் தனி நிவாரணம் கிடையாது. வரி செலுத்துவோர் தம் சொந்தப் படிப்புக்குப் பெற்றுவந்த கட்டண நிவாரணமும் 2026 மதிப்பீட்டு ஆண்டு முதல் இல்லை. அமெரிக்காவின் முறை வேறு. அங்கே உபகாரச் சம்பளத்தில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் செலவிடும் பகுதி வரிக்குரியது. தகுதியுள்ள குடும்பத்துக்கோ கல்விச் செலவை முன்னிட்டு மாணவர் ஒருவர்க்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரியிலேயே குறைப்பர். அவ்வூர் உறவினர் சொல்வதை இவ்வூருக்குப் பொருத்தலாகாது.

ஆகவே, வரிக்கு அஞ்சி எந்தப் பெற்றோரும் உதவித் தொகை விண்ணப்பத்தை ஒதுக்கிவிட வேண்டா. எண்ணிப் பார்க்க வேண்டியது பிள்ளையின் கூலியையும் வட்டியையுமே. அவற்றின் சீட்டுகளை 5 ஆண்டு பத்திரமாக வைத்திருத்தல் நலம்.