புது எஞ்சினைப் பழக்குதலும் முதல் எண்ணெய் மாற்றமும்

புதிதாய் ஏரிற் பூட்டிய இளங்காளையை முதல் நாளிலேயே ஆழ்சேற்றில் இறக்கி அந்திவரை உழுவிப்பவன் நல்ல உழவன் அல்லன் என்பதைப் படுவான்கரையில் எவர்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அக்காளையைத் தொழுவத்திற் கட்டிவைத்துப் புல்லும் நீரும் காட்டி, மாலையில் ஒருமுறை வாய்க்கால்வரை நடத்திக்கொண்டு வருபவனும் அதனைப் பழக்கியவன் ஆகான். புதிய எஞ்சினுக்கும் இவ்விரண்டும் ஒக்கும். முதலாவது தவறை நம்மவர் நன்கு அறிவர். இரண்டாவதும் தவறென்பதை அறிந்தோர் சிலரே. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இப்பொருளை இவ்வேளையில் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கும் மீளத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் புதுவண்டி என்பது பேச்சளவில் நின்றது. இன்று அது கிடைக்கின்றதாயினும், வரிமேல் வரியேறி நிற்கும் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் தம் ஆயுட்சேமிப்பையே கொடுக்கின்றார். வாங்க இயலாதோர் பழைய வண்டியின் எஞ்சினைப் பிரித்து, உருளையைக் கடைந்து, புது வளையங்கள் இட்டு ஓட்டுகின்றனர். இவ்விரு சாராரின் பணமும் முதல் ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டத்தைப் பெரிதும் நம்பியிருக்கின்றது.

இனி எஞ்சினின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். உருளையினுள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை, அதாவது முசலத்தை, சுற்றி உலோக வளையங்கள் உள்ளன. வெடித்த வாயு கீழே கசியாமலும், கீழுள்ள எண்ணெய் மேலேறி எரியாமலும் காப்பவை இவையே. உருளையின் உட்சுவர் கண்ணுக்குக் கண்ணாடிபோல் தோன்றினும், உண்மையில் அவ்வாறன்று. தொழிற்சாலையில் அதன்மேல் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன். இக்கீறல்களின் ஆழமோ சில மைக்கிரோனே. கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்குகின்றது. அவற்றின் முகடுகளோ வளையத்தின் விளிம்போடு உரசித் தேய்கின்றன. முகடும் விளிம்பும் ஒன்றற்கொன்று ஏற்பத் தேய்ந்து பொருந்துதலே பழகுதல் என்பது. நம் சாரதிமார் ‘ரன்னிங் இன்’ என்று வழங்குவதும் இதனையே.

வளையத்தைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு ஓரளவே அழுத்தும். எஞ்சின் சுமையை இழுக்கும்போது, வெடித்த வாயு வளையத்தின் பின்புறத்தே புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பன்மடங்காகும். ஆகவே சுமையே இல்லாது மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில், வளையம் சுவரைப் போதிய அளவு பற்றுவதில்லை. முகடுகள் தேயுமுன் சுவரில் எண்ணெய் சுட்டுப் படிந்து மெருகேறிவிடின், பின்னர் எவ்வளவு ஓட்டினும் வளையம் சரிவரப் பொருந்தாது. அவ்வண்டி தன் வாழ்நாள் முழுவதும் எண்ணெய் குடிக்கும். மறுபுறத்தில், எடுத்த எடுப்பிலே அக்சிலேற்றரை அடிவரை மிதிப்பவரின் எஞ்சினில் உராய்வின் வெப்பம் மிகுந்து, முகடுகள் தேய்வதற்குப் பதிலாகக் கிழிபடும். எனவே சுமை வேண்டும். அது விட்டுவிட்டு வரவேண்டும். இடையிடையே வெப்பம் தணிய அவகாசமும் வேண்டும்.

அக்காலத்தில் நம் வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களின் கைநூல்கள், முதல் 500 மைல்வரை மணிக்கு நாற்பது நாற்பத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டவேண்டாம் என்றன. இங்கிலாந்தில் அத்தகைய காரின் பின்கண்ணாடியில், ‘பழக்கத்தில் உள்ளது, முந்திச் செல்க’ என்னும் பொருள்பட அறிவித்தல் ஒட்டும் வழக்கமும் இருந்தது. நம் பெரியோர் கைநூலின் முதற் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர் போலும். எஞ்சினைத் திணறவிடலாகாது என்று அதே கைநூல் கூறிய மறுபாதி மறக்கப்பட்டது. மேல் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் வண்டியை முனகவைத்து ஓட்டுதல் பொறுமைபோலத் தோன்றும். எஞ்சினுக்கு அது துன்பமே.

இன்று உருளைகளின் கூர்முகடுகள் தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் சமன்செய்யப்பட்டு வருகின்றன. ஆதலாற் பழக்குங் காலம் குறுகியுள்ளது. எனினும் அது அற்றுப்போகவில்லை. முதல் 1,000 கி.மீ. வரை மிகைவேகமும் திடீர் முடுக்கமும் தவிர்க்குமாறு கூறும் ரொயோட்டா நிறுவனத்தின் கைநூல்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுதலையும் உடன்வைத்தே விலக்குகின்றன. மட்டக்களப்பார்க்கு இவ்விலக்கு மிக முக்கியமானது. கொழும்பிற் கார் வாங்குபவர் அதனை 300 கி.மீ.க்கு மேற்பட்ட வழியால் வீட்டுக்குக் கொண்டுவருகின்றார். அதாவது பழக்குங் காலத்தின் மூன்றிலொரு பங்கு, வண்டி வாசலுக்கு வருமுன்னரே கழிந்துவிடுகின்றது. குருநாகல், தம்புள்ளை வழியாக வரும்போது ஏற்றமும் இறக்கமும் கடைத்தெருக்களும் வேகத்தைத் தாமே மாற்றுவிக்கும். பொலன்னறுவையைக் கடந்தபின் மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புணாணை என்று வாழைச்சேனைவரை நீளும் சமதரைப் பாதையிலேதான் சோதனை. அங்கே அறுபதில் முள்ளை நிறுத்தி, அசையாமல் ஓட்டிவந்தேன் என்று பெருமை கொள்வதிற் பயனில்லை. சற்று விரைந்து ஏறுக, பின் காலை எடுத்து வண்டியைத் தானே தணியவிடுக, மீண்டும் ஏறுக. காலை எடுக்கும்போது உருளையில் உண்டாகும் வெற்றிடம் சிறிது எண்ணெயை மேலே இழுத்து, தேய்ந்த துகள்களைக் கழுவும் என்பர் பழைய வினைஞர். (அந்திவேளையில் அப்பாதையைக் குறுக்கிடும் யானைகள் வேகத்தைக் குறைக்கும் வேலையை நமக்காகச் செய்து தருவதும் உண்டு; அவ்வுதவியை நாடாது பகலில் வருதலே நன்று.)

ஊருக்குள் வந்தபின் வேறொரு தொல்லை. கல்லடியிலிருந்து பாலங் கடந்து நகருக்குச் சென்று திரும்புதல் எஞ்சினுக்கு ஓர் ஓட்டமன்று. குளிர்நீர் விரைவிற் சூடேறினும் எண்ணெய் அதனிலும் மெதுவாகவே சூடேறும். சூடேறாத எண்ணெயில் எரியாத பெற்றோலும் நீராவியும் கலந்து தங்குகின்றன. இத்தகைய குறுநடையே முதல் மாதம் முழுவதும் வாய்த்தால், வாரம் ஒருமுறையேனும் செங்கலடியோ களுவாஞ்சிக்குடியோவரை ஓட்டிவருதல் நலம்.

கடைந்து திருத்திய பழைய எஞ்சினுக்கு இவையாவும் இரட்டிப்பாகப் பொருந்தும். கராஜில் இட்ட கீறல் தொழிற்சாலையின் கீறலைப்போற் சமன்செய்யப்பட்டதன்று. அங்கே முகடுகள் மிகுதி, உதிரும் துகளும் மிகுதி. முச்சக்கர வண்டிச் சாரதிமார் எஞ்சின் திருத்திய மறுநாளே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு புறப்படுவதை நாம் காண்கின்றோம். ஒருநாள் உழைப்பை இழக்க இயலாதவரைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும் முதல் இரண்டொரு நாள் ஓராளோடு மட்டும் ஓடினாலும் வளையங்கள் நன்றி பாராட்டும்.

உழவு இயந்திரத்துக்கு ஓட்டக்கணக்குக் கிலோமீற்றரில் இல்லை, மணித்தியாலத்தில் உண்டு. குபோட்டா நிறுவனத்தின் நான்குசக்கர உழவு இயந்திரக் கைநூல்கள் முதல் 50 மணித்தியாலம் முழுவேகத்தில் இயக்கலாகாது என்றும், அதன் முடிவில் எண்ணெயை மாற்றவேண்டும் என்றும் கூறுகின்றன. பெரும்போக விதைப்புக்கு முதல்வாரம் இயந்திரத்தை வாங்கி நேரே சேற்றில் இறக்குபவர் இவ்வைம்பது மணித்தியாலத்தை எங்கே தேடுவார்? வாங்குவதை ஒரு மாதம் முற்படுத்தி, மண்ணும் வைக்கோலும் ஏற்றியிறக்கிப் பழக்குதலே வழி. கடலுக்குச் செல்லும் படகுகளின் நான்கடி வெளியிணை எஞ்சின்களுக்கு யமஹா நிறுவனம் பத்து மணித்தியாலப் பழக்கத்தைப் படிப்படியாக வகுத்துள்ளது. இரண்டடி எஞ்சின்களிலோ மாற்றுதற்கு எண்ணெய்த் தொட்டியே இல்லை. ஆகையாற் பழக்குங் காலத்திற் பெற்றோலோடு கலக்கும் எண்ணெயின் பங்கைக் கூட்டுவர்.

யப்பானில் ஓடிக்கழிந்து இங்கு வரும் ‘ரீகண்டிசன்’ கார்களையும் சிலர் பயபக்தியோடு பழக்குவதுண்டு. அவை பழகியே வந்தவை. அவற்றுக்கு வேண்டுவது எண்ணெயின் வயதை ஐயுற்று உடனே மாற்றுதல் ஒன்றே.

முதல் எண்ணெய் மாற்றத்துக்கு வருவோம். தேய்ந்த முகடுகள் எங்கே போகின்றன? எண்ணெயில் மிதந்து பில்டரில் ஒரு பகுதி தங்க, அதனினும் நுண்ணியவை எஞ்சினுள் மீண்டும் மீண்டும் சுற்றிவருகின்றன. அவற்றை வெளியேற்றுதலே முதல் மாற்றத்தின் பொருள். எப்போது மாற்றுவது என்பதில் வினைஞர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இலக்கம் சொல்வர். என் கருத்தில், அந்தந்த எஞ்சினின் கைநூலுக்கு மேலான ஆசிரியர் இல்லை. இந்திய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றுக்கு 500 முதல் 750 கி.மீ.க்குள் முதற் பராமரிப்பு விதிக்கப்பட்டுள்ளது. ஹொண்டா நிறுவனமோ தன் கார்களின் முதல் எண்ணெயைக் குறித்த காலத்துக்கு முன் மாற்றவேண்டாம் என்றே கைநூலில் எச்சரிக்கின்றது. ஆதலால் மோட்டார்ச் சைக்கிளின் விதியைக் காருக்குப் பொருத்துவது, கொடுத்த காசையும் நல்ல எண்ணெயையும் வீணே வடித்துவிடுதலாக முடியலாம். கைநூல் இல்லாத கடைந்த எஞ்சினுக்கு முதல் 500 கி.மீ.க்குள் மாற்றுதல் பொருத்தமானது. செயற்கை எண்ணெயில் வளையம் பொருந்தாது என்ற பழைய அச்சமும் இன்னும் நிலவுகின்றது. அமெரிக்காவில் கொர்வெற் கார்கள் 1992ஆம் ஆண்டிலிருந்தே செயற்கை எண்ணெயோடுதான் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டன.

மாற்றும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். குளிர்ந்த எண்ணெய் துகள்களை அடியிலே விட்டுவிட்டு வரும். பில்டரையும் உடன் மாற்றுக. அடித்தொட்டியின் வடிப்பாணிக்குப் புது வளையத்தட்டு இடுக. வடித்த எண்ணெயை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் பொன்தூள் போன்ற மினுக்கம் தெரியும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. விரல்களிடையே நெருடும் துண்டுகள் இருப்பின் வினைஞரிடம் காட்டுக. டீசல் எண்ணெய் விரைவிற் கறுப்பது இயல்பு.

வடித்த எண்ணெயை என்ன செய்வது என்பது நம் ஊருக்குச் சிறப்பாக உரிய வினா. ஒரு கலன் கழிவெண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கும் என அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் கணித்துள்ளது. ஏறக்குறைய 56 கி.மீ. நீண்டு கிடக்கும் நம் வாவியின் முகத்துவாரம், மணற்றிட்டு மூடியிருக்கும் வரட்சி மாதங்களில் ஒன்றையும் கடலுக்கு விடுவதில்லை. கராஜின் பின்வாய்க்காலில் ஊற்றியது கண்டல் வேரிலும் இறால் குஞ்சிலுமே தங்கும். மூடியுள்ள பிளாஸ்திக்குக் கலத்திற் சேர்த்துவைத்து, கழிவெண்ணெய் ஏற்கும் பராமரிப்பு நிலையத்திற் கொடுக்கலாம். வண்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருப்போரும், தம் எண்ணெய் எங்கே போகின்றது என்று ஒருமுறை கேட்டறிதல் வேண்டும்.

மாற்றிய மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளவுகோலை உருவிப் பார்த்து, வண்டி நின்ற தரையில் எண்ணெய்த்துளி உளதா எனவும் நோக்குக. அடுத்த இரண்டு மாதங்களுக்கு வாரந்தோறும் அளவு பார்த்து ஒரு கொப்பியிற் குறித்துவருக. அளவு வாரவாரம் குறைந்துவந்து, பின்னர் ஒரே குறியில் நின்றுவிட்டதாயின், வளையங்கள் பொருந்திவிட்டன என்று கொள்ளலாம்.