ஒரு ஜீப்புக்கு இரண்டு பாட்டரி எதற்கு?

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு.

"பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளை வெள்ளம் சூழ்ந்தது. சிக்கிக்கொண்டவர்களை மீட்க ராணுவம் வந்தது.

2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த "தானே" புயலையும் புதுவை மக்கள் மறக்கவில்லை. மரங்கள் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில், நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் ஜீப் ஒன்று தெருவில் இருந்தால் எவ்வளவு உதவி! சேற்றில் போகும். விழுந்த மரத்தை இழுக்கும். இருட்டில் வெளிச்சம் தரும்.

ஆனால், சாவியைத் திருப்பியதும் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால்?

நான்கு சக்கரம் இருந்து என்ன பயன்? வண்டி நகராது!

அதற்காகத்தான் சிலர் ஜீப்பில் இரண்டு பாட்டரி வைக்கிறார்கள்.

ஆளுக்கு ஒரு வேலை

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துவார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் எரியும். அத்தனை இறுக்கமான என்ஜினைச் சுழற்றிவிட நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் வேண்டும். சில விநாடிகள்தான், ஆனால் மொத்தமாக வேண்டும்.

விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜ் ஆகியவை அப்படி அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, இரவெல்லாம் மின்சாரத்தைக் குடிக்கும்.

இரண்டு வேலையையும் ஒரே பாட்டரியிடம் விட்டால், இரவு விளக்கு எரியும். காலையில் வண்டி கிளம்பாது. ஆகவே முதல் பாட்டரி என்ஜினைக் கிளப்ப மட்டும். மற்றதெல்லாம் இரண்டாவது பாட்டரிக்கு.

ஈயப் பாட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே. டீசல் என்ஜினைக் கண்ட ருடால்ப் டீசல் ஜெர்மானியர். ஆனால் 1858-ல் அவர் பிறந்தது பாரீசில்! பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவைக்கு இரண்டுமே பாதி உறவு என்று சொல்லலாம்.

நடுவில் ஒரு காவல்காரன்

இரண்டு பாட்டரியையும் கம்பியால் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. தீர்ந்துபோன பாட்டரி, நல்ல பாட்டரியையும் உறிஞ்சிவிடும்.

அதனால் நடுவே ஒரு ரிலே வைப்பார்கள். என்ஜின் ஓடும்போது அது இரண்டையும் இணைக்கும். இரண்டும் சார்ஜ் ஆகும். என்ஜின் நின்றபின் பிரித்துவிடும்.

பாட்டரியைப் பார்ப்பவர்கள் பலர். ரிலேயைப் பார்ப்பவர்கள் சிலர். தவறு இங்கேதான் நடக்கிறது. ரிலே ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே தீரும்.

சோதிப்பது எளிது. ஒரு வோல்ட் மீட்டர் போதும். என்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டாவது பாட்டரியில் விளக்கை அரை மணி நேரம் எரிய விடுங்கள். முதல் பாட்டரி 12.6 வோல்ட் அளவில் அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து இறங்கினால் ரிலே கெட்டுவிட்டது. பிறகு என்ஜினை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும்.

(கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் சார்ஜ் ஆகும் புது வண்டிகளில் ரிலே சில சமயம் சரிப்படாது. அதற்குத் தனிச் சார்ஜர் உண்டு. மெக்கானிக்கைக் கேட்பது நல்லது.)

வெயிலும் உப்புக்காற்றும்

பாட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். சூடு ஏற ஏற ஆயுள் குறையும். உள்ளே இருக்கும் தண்ணீரும் வற்றும். தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரியாக இருந்தால், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றலாம். கிணற்று நீர் கூடாது. அமிலமும் கூடாது.

கடற்காற்றில் முனைகள் சீக்கிரம் பூத்துவிடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படியும். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாஸ்லின் தடவுங்கள்.

கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது கடைசியில். கை மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பீடி, தீக்குச்சி அருகே வரவே கூடாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்! அமிலம் கண்ணில் தெறித்தால், கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

சிலர் இரண்டாவது பாட்டரியைப் பின்னால், குழந்தைகள் உட்காரும் இடத்தில் வைக்கிறார்கள். அப்படியானால் மூடிய பெட்டியில் இறுகக் கட்டி, வாயு வெளியே போகக் குழாயும் வைக்க வேண்டும்.

ஆயுள் முடிந்த பாட்டரியைக் கொல்லையில் போடாதீர்கள், உடைக்கவும் வேண்டாம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். புதுப் பாட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால், விலையில் கழித்துக்கொள்வார்கள்.