கார் ஓடுகிறது, கண்ணாடி ஏன் ஏறவில்லை?

மின்சாரக் கார் ஒன்று ஓசையின்றி விரைந்து செல்கிறது. திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. கண்ணாடிகளை ஏற்றச் சுவிட்சுகளை இயக்கினால், பின்கதவுக் கண்ணாடி ஒன்று மட்டும் அசைய மறுக்கிறது. காரையே இழுத்துச் செல்லும் மின்சாரத்துக்கு ஒரு கண்ணாடியைத் தூக்க வலுவில்லையா? மின்னோட்டம் செல்லும் வழியைப் பின்பற்றினால் இதற்கு விடை கிடைக்கும்.

இரண்டு பேட்டரிகள்

மின்சாரக் காரில் பொதுவாக இரண்டு பேட்டரிகள் உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் மாதிரியில் 192 லித்தியம் அயனி மின்கலங்கள் இருந்தன. அவற்றை இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த 96 இணைகளையும் தொடராக இணைத்திருந்தார்கள். ஓர் இணைக்குச் சுமார் 3.75 வோல்ட்; மொத்தம் 360 வோல்ட். சக்கரங்களைச் சுழற்றுவது இந்தப் பேட்டரி.

விளக்கு, ஹாரன், கண்ணாடி ஆகியவற்றை இயக்குவதோ, பெட்ரோல் காரில் உள்ளது போன்ற 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி. பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி ஒன்று இதற்கு மின்னேற்றம் செய்கிறது. எனவே பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், சிறியது நலிந்திருந்தால் கண்ணாடி தள்ளாடும்.

மூன்று கேள்விகள்

கதவுக்குள் சிறிய நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று இருக்கிறது. அதற்குச் செல்லும் மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஏறுவதும் இறங்குவதும் இப்படித்தான். மோட்டாரின் அச்சில் உள்ள திருகு ஒரு பல்சக்கரத்தைச் சுழற்ற, அது கம்பிவடத்தின் மூலமோ நெம்புகோல்களின் மூலமோ கண்ணாடியை நகர்த்துகிறது.

இனி மூன்று கேள்விகள் கேட்போம். முதலாவது: எல்லாக் கண்ணாடிகளும் நின்றனவா, ஒன்று மட்டுமா? எல்லாம் நின்றால் குறை பொதுவான வழியில் இருக்க வேண்டும்: 12 வோல்ட் பேட்டரி அல்லது ஃபியூஸ். ஓட்டுநரின் கண்ணாடி மட்டும் இயங்கி மற்றவை அவரவர் சுவிட்சுக்கு அசையாவிட்டால், குழந்தைகள் விளையாடாதிருக்க அமைத்த பூட்டுச் சுவிட்சை யாரோ அழுத்தியிருக்கலாம்!

இரண்டாவது: ஓட்டுநரின் இடத்திலிருந்து இயக்கினால் அந்தக் கண்ணாடி அசைகிறதா? அசைந்தால் மோட்டார் நலமே. பூட்டும் இல்லையென்றால் கதவிலுள்ள சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது: மோட்டாரின் ஓசை கேட்கிறதா? ஓசை கேட்டும் கண்ணாடி நகராவிட்டால் கம்பிவடம் அறுந்தோ பிடிப்பு விட்டோ இருக்கலாம். பலமுறை ஏற்றி இறக்கியபின் நின்று, சில நிமிடம் கழித்துத் தானே இயங்கினால் அது பழுதன்று. சூடான மோட்டாரைக் காக்கும் வெப்பத் தடுப்பு செய்த வேலை.

வோல்ட்மீட்டர் காட்டும் மாயம்

ஓசையே இல்லை, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. அப்போது கதவின் கீல் அருகே பாருங்கள். உடலிலிருந்து கதவுக்குச் செல்லும் கம்பிகள் அங்கே ஒரு ரப்பர் உறைக்குள் இருக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை வளைகின்றன. நாளடைவில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் ஓரிரு இழைகள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, அங்கே வந்துசேரும் மின்னழுத்தத்தை அளந்தால் வோல்ட்மீட்டர் 12 வோல்ட் காட்டும். “மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டத் தோன்றும். பொறுங்கள், கணக்குப் போடுவோம்.

புறப்படும் நிலையில் மோட்டாரின் மின்தடை 0.6 ஓம் என்றும், நைந்த கம்பியின் மின்தடை 1.8 ஓம் என்றும் கொள்வோம். மொத்தம் 2.4 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 2.4 = 5 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது 5 × 0.6 = 3 வோல்ட் மட்டுமே! மீதி 9 வோல்ட் நைந்த கம்பியிலேயே வீணாகிறது. நல்ல கம்பியாக இருந்தால் 20 ஆம்பியர் பாய்ந்திருக்கும்.

வோல்ட்மீட்டர் ஏன் 12 காட்டியது? அதன் மின்தடை 1 கோடி ஓம் அளவில் இருக்கும். அதன் வழியே பாயும் மின்னோட்டம் மிக நுண்ணியது. அதனால் நைந்த கம்பியில் ஏற்படும் இழப்பும் கண்ணுக்குத் தெரியாது. எனவே மோட்டாரை இணைத்து, சுவிட்சை இயக்கிக்கொண்டே அளப்பதுதான் சரியான சோதனை. இல்லாவிட்டால் நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்து, புதியதை வாங்கி மாட்டி, அதுவும் ஓடாமல் திகைக்க நேரும்.

நினைவிழந்த கண்ணாடி

ஒரு தொடுதலில் தானே முழுவதும் ஏறும் கண்ணாடிக்கு, எங்கே நிற்க வேண்டும் என்ற நினைவு வேண்டும். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல கார்களில் இந்த நினைவு அழிந்துவிடும். கண்ணாடியை முழுவதும் ஏற்றிச் சுவிட்சைச் சில விநாடிகள் விடாமல் பிடித்தால் நினைவு திரும்பும். சரியான முறை காரின் கையேட்டில் இருக்கும்.

இடையே கையோ கழுத்தோ சிக்கினால் கண்ணாடி உடனே இறங்குவதும் இத்தகைய கட்டுப்பாட்டினால்தான். இதற்காக அமெரிக்க விதி குறிக்கும் விசையின் எல்லை 100 நியூட்டன். ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமம். 2022 செப்டம்பரில் டெஸ்லா நிறுவனம் இந்தப் பாதுகாப்பைச் சீராக்க, அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் கார்களின் மென்பொருளைத் திருத்த முன்வந்தது. ஆகவே கண்ணாடி திரும்புகிறதா என்று விரலை வைத்துச் சோதிக்கவே கூடாது. காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் கண்டால் தொடாதீர்கள். அவை பெரிய பேட்டரியின் உயிர்கொல்லி மின்னழுத்தத்தைச் சுமப்பவை.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, ஒரு பென்சில் கரி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அது இருந்த முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். சுமார் 3 வோல்ட் காட்டும். பல்பை மாட்டி அதே முனைகளில் மீண்டும் அளந்து பாருங்கள். முள் எவ்வளவு இறங்குகிறது? கரியின் நீளத்தைக் குறைத்தால் என்ன ஆகிறது? கதவின் கீலுக்குள் ஒளிந்திருந்த குறையை உங்கள் மேசைமீதே கண்டுவிடுவீர்கள்.