ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கு: வீட்டுப் பெரியவர்களுக்கு டி.வி., நெட் இணைப்பு எடுக்கும்போது

வேகமாக விற்கிற ஒரு சோப்பைக் கேட்டால், விற்காத ஷாம்புவில் இரண்டு டஜன் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்று லைன் வண்டியில் வருகிற தம்பி சொல்வது நமக்குப் புதிதல்ல. ஸ்கீம் என்பார், காம்போ என்பார், இந்த மாதம் மட்டும்தான் என்பார். நாமும் எது ஓடும், எது அலமாரியில் தூசி படியும் என்று கணக்குப் பார்த்துத்தான் சம்மதிப்போம். கடையில் பிசகாமல் போடுகிற இந்தக் கணக்கை, வீட்டில் இருக்கும் வயதான தாய் தந்தையருக்கு டி.வி.யும் இன்டர்நெட்டும் சேர்ந்த பேக்கேஜ் எடுக்கும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. தகப்பனார் செஞ்சியில் நாற்பது ஆண்டு மளிகைக் கடை நடத்தி, சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். சென்னையில் இருக்கும் தம்பி, அப்பாவும் அம்மாவும் வசதியாகப் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், தெருக் கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டு, நூற்றுக்கணக்கான சேனல், ஒரு டஜன் சினிமா ஆப், அதிவேக நெட் எல்லாம் அடங்கிய ஓர் இணைப்பைப் போனிலேயே பதிவு செய்தார். ஆட்கள் வந்தார்கள், பொருத்தினார்கள், போனார்கள்.

ஒரு மாதம் கழித்து அப்பா காலை பத்து மணிக்கெல்லாம் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார ஆரம்பித்தார். இரவு கடை சாத்தும் வரை எழுந்திருக்க மாட்டார். கடைமேல் உள்ள பழைய பாசம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அம்மா ஒருநாள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வீட்டில் இருபது நாளாக டி.வி. ஓடவில்லை. ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நின்றுவிட்டது. அதை விலக்க அவருக்குத் தெரியவில்லை. அத்தனை பெரிய கடையை நடத்தியவருக்கு ரிமோட் பிடிக்கத் தெரியவில்லையா என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்கவும் இல்லை. சேவை எண்ணுக்குப் போன் செய்தோம். ஒன்றை அழுத்துங்கள், மூன்றை அழுத்துங்கள் என்று பதிவு செய்த குரல்தான் பேசியது. ஆள் வர மேலும் நான்கு நாள் ஆயிற்று. பணம் மட்டும் மாதம் தவறாமல் தம்பியின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாதிக் குற்றம் நம்முடையது. உபயோகிக்கப் போகிறவரைக் கேட்காமலே கொள்முதல் செய்துவிட்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, அவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று ஒரு பழைய சிட்டையின் பின்பக்கத்தில் எழுதினோம். காலையில் பக்திப் பாட்டு, மூன்று செய்திச் சேனல், மதியம் பழைய படம், மாலையில் அம்மாவுக்குத் தொடர், இந்தியா ஆடினால் கிரிக்கெட். மொத்தம் ஒன்பது சேனல். சினிமா ஆப் ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் நாம் கட்டிக்கொண்ட ஓடாத சரக்கு. பேக்கேஜ் எடுக்க நினைக்கும் அன்பர்கள் முதலில் இந்தச் சிட்டையை எழுதிவிடுங்கள். அந்தச் சேனல்கள் நேரலையிலேயே வருகின்றனவா, மறுநாள் ஆப்பில் மட்டும்தான் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். '800 சேனல் வரும் சார்' என்பது அதற்குப் பதிலாகாது.

நம் பெரியவர்கள் டி.வி. பழகிய விதத்தையும் யோசிக்க வேண்டும். 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்த பிறகுதான் கேபிள் தெருத்தெருவாகப் பரவியது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில்தான் பல வீடுகளுக்குக் கலர் டி.வி.யே வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. இத்தனை காலமும் டி.வி. என்றால் ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வரும், அவ்வளவுதான். இன்ன செய்திக்கு இன்ன எண் என்று, கடைப் பற்று வரவை மனப்பாடம் வைத்திருந்ததுபோல் வைத்திருப்பார்கள். ஆப்புக்குள் போய், படத்தைத் தேர்ந்து, திரும்பி வெளியே வருவது வேறு வித்தை. அதைப் பழகக் கூடாது என்பதில்லை. பழக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி.

இனி எதை எடுப்பது? தெருக் கேபிளுக்குள்ள பெரிய பலம் ஆபரேட்டர்தான். அவரும் நம்மைப் போன்ற சிறு வணிகர். படம் நின்றால் அம்மா திண்ணையிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு வருவார். ரசீது கொடுக்கும் பழக்கம் மட்டும் பலரிடம் இல்லை, கேட்டு வாங்குங்கள். டிஷ் ஆன்டெனாவுக்கு மலை இடைஞ்சல் இல்லை. செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் படம் போகும், மழை விட்டதும் வரும். மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு. டிடி தமிழ் வரும். தமிழில் முன்னணிக் கட்டணச் சேனல்கள் வராது என்பதால் தொடர் பார்க்கும் வீட்டுக்கு ஒத்துவராது.

கண்ணாடி இழைக் கேபிள் வழியே நெட்டும் டி.வி.யும் சேர்ந்து வருவது இன்னொரு வகை. பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் இழைவழி டி.வி.யைத் தொடங்கியபோது மத்தியப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும்தான் முதலில் எடுத்துக்கொண்டது. அதில் டி.வி. பார்ப்பதற்கு நெட் டேட்டா செலவாகாது. கம்பி இல்லாமல் செல்போன் கோபுரத்திலிருந்து காற்றுவழி வரும் இணைப்பு 2023 முதல் விற்பனைக்கு வந்தது. இதில்தான் செஞ்சிக்காரர்கள் கவனிக்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பாறை மலைகள் நம்மைச் சுற்றி நிற்கின்றன. ராஜகிரி மட்டுமே சுமார் 800 அடி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கோட்டைதான், பெருமைதான். ஆனால் நம் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே மலை நின்றால் பாரம்பரியம் சிக்னல் கொடுக்காது. விற்க வருகிறவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், அங்கேயே வேகத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காமல் ஆண்டுச் சந்தாவைக் கட்டாதீர்கள். 'ஆண்டுக்குக் கட்டினால் நிறுவும் கூலி இலவசம்' என்பதும் ஸ்கீம்தான்.

விலைப் பட்டியலுக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் புதிய விதிகள் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. பார்க்கும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் உரிமை அப்போது கிடைத்தது. அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு என்று இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பை ஆணையம் நீக்கிவிட்டது. ஆகவே அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். தனிச் சேனல் எடுக்கும் உரிமை இன்னும் இருக்கிறது. தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் தனி விலை 19 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் சிட்டையில் ஐந்து கட்டணச் சேனல். உச்ச விலையே போட்டாலும் 95 ரூபாய், வரியோடு 112 ரூபாய் 10 காசு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நிறுவனத்தின் மூன்று நான்கு சேனல்களைப் பார்க்கிற வீட்டில், தனித்தனியாக எடுப்பதைவிட அந்த நிறுவனத்தின் சிறு தொகுப்பு மலிவாகவே இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

நெட் பேக்கேஜ் விளம்பரங்களில் வரி பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும். 599 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 706 ரூபாய் 82 காசு. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வீட்டு இணைப்புக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம் என்று எண்ணும் அன்பர்கள் சிலர் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு அந்த வரவு கிடையாது.

வேகத்திலும் ஏமாற வேண்டாம். எச்.டி. படம் ஓட விநாடிக்கு 5 மெகாபிட் போதும். பேத்தியோடு வீடியோவில் பேச இரண்டு மூன்று போதும். முதியவர் இருவர் இருக்கும் வீட்டுக்கு 30, 40 தாராளம். 300 எடுத்துக் கொடுப்பது, மாதம் ஐந்து கிலோ அரிசி ஆகும் வீட்டுக்கு ஐந்து மூட்டை இறக்குவது போன்றது.

விளம்பரத்தில் வராத ஒரு சங்கதி மின்சாரம். பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் மணி அடிக்கும். இழை இணைப்போடு தரும் தொலைபேசி அப்படியல்ல. கரண்ட் போனால் பெட்டி அணைந்து போனும் செத்துவிடும். இரவில் நெஞ்சு வலி என்று கூப்பிட அந்தத் தொலைபேசியை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் இருக்கின்றன. ரூட்டருக்கென்றே கிடைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டுங்கள். சாதாரணப் பொத்தான் செல்போன் ஒன்றையும் சார்ஜ் போட்டுப் படுக்கை அருகில் வையுங்கள்.

இணைப்பு யாருடைய செல்போன் எண்ணில் இருக்கிறது என்பதும் முக்கியம். எங்கள் வீட்டுக்கு ரிப்பேர் பார்க்க வந்த ஆள் வாசலில் நின்று போன் செய்தது சென்னையில் இருந்த தம்பிக்கு. அவர் வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. வந்தவர் திரும்பிப் போய்விட்டார், உள்ளே அப்பா உட்கார்ந்தே இருந்தார். பணம் யார் கட்டினாலும், தொடர்பு எண் ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

ரிமோட்டுக்குக் கடைக்காரர் வைத்தியம் ஒன்று சொல்கிறோம். டி.வி. ரிமோட்டில் ஆன், சத்தம் தவிர மற்றப் பொத்தான்கள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டோம். தவறி அழுத்திப் படம் மறைந்து போவது அதோடு நின்றது. ஆப் உள்ள பெட்டியானால், பணம் கட்டிப் படம் வாங்கும் வசதிக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டுங்கள். 'உங்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம், ட்ராயிலிருந்து பேசுகிறோம்' என்று வரும் போன் அனைத்தும் மோசடி. ஆணையம் அப்படி எவரையும் கூப்பிடுவதில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் டி.வி. பக்கத்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டோம்.

பேக்கேஜே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மேல்மலையனூர் சாலையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் தாயாருக்குக் கண் பார்வை மங்கல், எண்கள் தெரியாது. ரிமோட்டில் உள்ள மைக்கை அழுத்தி 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்றால் பாட்டு வருகிறது. கல்லூரி போகும் பேரன் கூடவே இருக்கிறான், சிக்கினால் சரி செய்கிறான். அந்த வீட்டுக்குச் சேர்ந்த இணைப்புதான் சரி.

எங்கள் வீட்டில் இரண்டையும் பிரித்துவிட்டோம். டி.வி.க்குப் பழைய தெருக் கேபிள், பழைய எண்களோடு. நெட் எங்கள் மாடி வீட்டுக்கு வந்த இழை இணைப்பிலிருந்தே கீழேயும் எட்டுகிறது, பேத்தியோடு பேச அது போதும். செலவு முன்பு போனதில் பாதிக்குச் சற்று மேல். இப்போது அப்பா கடைக்கு வருவது அமாவாசை அன்று மட்டும்தான். மேல்மலையனூர்க் கூட்டம் ஊரை நிறைக்கும் அன்று கல்லாவுக்கு இன்னொரு கை வேண்டியிருக்கிறது. அன்றும் ஆறரை மணிக்கெல்லாம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். செய்திக்கு நேரமாகிவிட்டதாம்.