அன்புள்ள நேயருக்கு ஒரு பூட்டு

என் மடிக்கணினியில் ‘டபிள்யூ’ விசை சரியாக வேலை செய்யவில்லை. அழுத்தினால் சில நேரம் விழும், சில நேரம் விழாது. அஞ்சல் முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதன் வலி புரியும். அந்த விசை போனால் ‘ந’ போய்விடும். ‘நேயர்களே’ என்று எழுத முடியாத வானொலி அறிவிப்பாளரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாளே பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைப் பையன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். பெயர், கைப்பேசி எண், மூன்றாவது வரியில் கடவுச்சொல். “எழுதிக் கொடுங்கக்கா, செஞ்ச பிறகு டெஸ்ட் பண்ணணும்” என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் என் பேனா நகரவில்லை.

இரவு நேர நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, ஒலிபெருக்கிக்கு முன்னால். இன்னொன்று, பாட்டு ஓடும்போது தொலைபேசியில். “இதை ரேடியோவில சொல்லாதீங்க, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்” என்று தொடங்கும் அழைப்புகள். நான் குறித்துக்கொள்வேன், அடுத்த முறை அவர் அழைத்தால் விட்ட இடத்திலிருந்து பேச வேண்டுமே. ஒலிபரப்பில் பெயரை மாற்றிச் சொல்கிறேன். குறிப்புக் கோப்பில் உண்மைப் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, எந்தத் தாமான் என்பதுகூட இருக்கிறது.

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வெளி விசைப்பலகையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் கிள்ளானில் அம்மா வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் மட்டும் சிரிக்கவில்லை. கணினித் துறையில் இறுதியாண்டு படிக்கிறான். “சித்தி, அந்த ஃபைலை என் எடிட்டர்ல வைங்க. பூட்டுப் போட்டுத் தரேன்.”

அவன் எடிட்டர் என்றது அவன் புராஜெக்டை. இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ 2016இல் ‘கிலோ’ என்று ஒரு சின்ன எழுத்துத் திருத்தியை சி மொழியில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். மொத்தமே 1,000 வரிகளுக்குள் அடங்கும். உலகம் முழுக்க மாணவர்கள் அதைப் பிரித்துப் போட்டுக் கற்கிறார்கள். இவன் அதில் கோப்பைப் பூட்டும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

“கஷ்டமா?” என்றேன்.

“ரெண்டே இடம்தான் சித்தி. ஃபைலைத் திறக்கிற இடம், சேவ் பண்ற இடம்.”

யோசித்தால் சரியாகத்தான் பட்டது. எடிட்டர் கோப்பை வட்டிலிருந்து படித்து நினைவகத்தில் வரிவரியாக அடுக்குகிறது. நாம் திருத்துகிறோம். சேமிக்கச் சொன்னால் வரிகளை ஒன்றாகக் கோத்து மறுபடி வட்டில் எழுதுகிறது. எழுதும்போது கலைத்துவிட்டு, படிக்கும்போது சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அப்படித்தான் இருவரும் நினைத்தோம்.

அவனுடைய முதல் பூட்டு எக்ஸ்ஓஆர். இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறுபட்டால் 1. எழுத்துகளோடு கடவுச்சொல்லை வரிசையாக இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் கோப்பு குப்பையாகத் தெரியும். அதே கடவுச்சொல்லை மறுபடி சேர்த்தால் பழையபடி வந்துவிடும். சி மொழியில் நாலைந்து வரி வேலை.

என் பழைய வானொலிக் குறிப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நான் இடைவேளை வரும் இடங்களில் வெற்றிடத்தை நீளமாக அழுத்தி வைக்கிற ஆள். பூட்டிய கோப்பைத் திறந்து பார்த்தால், குப்பைக்கு நடுவே அவனுடைய ஆங்கிலக் கடவுச்சொல் பெரிய எழுத்தில் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தது! வெற்றிடத்தின் எண் 32. ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே 32. அதனால் வெற்றிடம் இருந்த இடத்திலெல்லாம் சாவி தலையை நீட்டிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே ஒட்டி வைத்ததுபோல.

அவன் முகம் விழுந்துவிட்டது. அவனைத் தேற்றத்தான் நானும் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது தெரிந்தது, இந்த வேலையில் சறுக்காதவர்கள் குறைவு.

1979இல் வந்த ஏழாவது யூனிக்ஸ் பதிப்பிலேயே ‘எட்’ என்ற எடிட்டருக்குப் பூட்டும் வசதி இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய எனிக்மா பொறியின் சுழல் சக்கரத்தை மென்பொருளாக மாற்றியதுபோன்ற முறை. ஒரே ஒரு சக்கரம், 256 பற்கள். 1984இல் ஜிம் ரீட்ஸ், பீட்டர் வைன்பர்கர் என்ற இருவர் அதை எப்படி உடைப்பது என்று கட்டுரை எழுதினார்கள். எழுதியவர்கள் பெல் ஆய்வகத்துக்காரர்கள், அதாவது யூனிக்ஸ் பிறந்த வீட்டுக்காரர்களே. எனக்கு அது பிடித்திருந்தது.

அடுத்தது ‘விம்’. நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்டு, 2023இல் தாம் இறக்கும்வரை பேணி வளர்த்த எடிட்டர். பணம் கேட்கவில்லை, பிடித்திருந்தால் உகாண்டாவிலுள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றார். அதில் முதலில் இருந்த பூட்டு, 1998இல் ஒருவர் எழுதிக் கொடுத்தது. ஸிப் கோப்புகளின் பழைய பூட்டை ஒட்டியது. அந்த ஸிப் பூட்டு உடையும் என்பது 1994லேயே நிரூபிக்கப்பட்டிருந்தது. 2010இல் விம் 7.3 வந்தபோது புளோஃபிஷ் என்ற வலுவான முறையைச் சேர்த்தார்கள். புளோஃபிஷ் நல்ல பூட்டுதான். கதவில் பொருத்திய விதத்தில் கோளாறு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நம் மொழிக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது.

புளோஃபிஷ், கோப்பை 8 பைட் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முகமூடி போடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முகமூடி மாற வேண்டும். விம்மில் முதல் எட்டுத் துண்டுகளுக்கு, அதாவது முதல் 64 பைட்டுக்கு, ஒரே முகமூடி எட்டு முறை போடப்பட்டது. 8 பைட் எழுத்தை யாராவது ஊகித்துவிட்டால் 64 பைட்டும் வெளிச்சம். 2014இல்தான் இதைத் திருத்தி புளோஃபிஷ்2 என்று கொண்டுவந்தார்கள்.

தமிழில் எழுதினால் ஊகிக்கவே தேவையில்லை. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த தமிழ்க் கோப்பில் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும், அதில் முதல் பைட் எப்போதும் 224. ஆக மூன்று பைட்டுக்கு ஒரு முறை 224 வந்துகொண்டே இருக்கும். முகமூடியின் நீளமோ 8. எட்டு மூன்றால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 224 முகமூடியின் வேறு இடத்தில் போய் விழும். மூன்று சுற்று முடிந்தால், அதாவது 24 பைட்டில், முகமூடியின் எட்டு இடங்களும் வெளிப்பட்டுவிடும். இடையில் வெற்றிடமில்லாமல் எட்டுத் தமிழ்க் குறி இருந்தால் போதும்.

அக்கா மகன் தாளில் எழுதி எண்ணிக் காட்டினான். அ, ன, புள்ளி, ப, உகரக் குறி, ள, புள்ளி, ள. மொத்தம் எட்டு. ‘அன்புள்ள’ என்று தொடங்கும் எந்தக் கடிதமும் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 64 பைட்டில் சுமார் 21 குறிகள் அடங்கும். ‘அன்புள்ள’ போக மீதியில் என்ன இருக்கும்? பெயர். நான் மறைக்க நினைத்ததே அதைத்தான்.

எங்கள் வீட்டு எடிட்டருக்குத் திரும்புவோம். எக்ஸ்ஓஆரைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘சாச்சா20’ என்ற நல்ல முறையைச் சேர்த்தான். இப்போது பூட்டு உறுதி என்றான். நான் நம்பி, அந்த இரண்டு வாரக் குறிப்புகளை அதற்குள் நகர்த்தினேன். நகலெடுக்கவில்லை, நகர்த்தினேன். தப்பு என்னுடையதுதான்.

மூன்று நாள் கழித்து அம்மா வீட்டில் உட்கார்ந்து திறந்தேன். வெளி விசைப்பலகையை எடுத்துவரவில்லை. என் கடவுச்சொல்லில் ஒரு ‘டபிள்யூ’ உண்டு. திரையில் வெறும் நட்சத்திரங்கள்தான் தெரியும், ஒன்று குறைந்ததை யார் எண்ணினார்கள்? கோப்பு திறந்தது, உள்ளே முழுக்கக் குப்பை. பதறிப்போய் ஒன்றிரண்டு விசைகளைத் தட்டினேன். பழக்கதோஷத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன்.

அவ்வளவுதான். தப்பான சாவியால் வந்த குப்பையை எடிட்டர் உண்மையான எழுத்து என்று நம்பியது. அதில் சில பைட்களை வரி முடிவு என்று நினைத்து வெட்டியது. மிச்சத்தைத் தப்பான சாவியாலேயே மறுபடி பூட்டியது. இந்த வகைப் பூட்டில் ஒரு பைட் நகர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் சேராது. அவன் இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்தான். முதல் சில வரிகள் மட்டும் வந்தன.

பெரும்பாலானவற்றை நினைவிலிருந்து மறுபடி எழுதிவிட்டேன். ஓர் அழைப்பு மட்டும் போனது போனதுதான். ஓர் அம்மா, மகனைப் பற்றிப் பேசியவர். நான் இரண்டு நாளில் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருந்தேன். எண் அந்தக் கோப்பில் மட்டுமே இருந்தது.

விம்மின் பழைய பூட்டுகளிலும் இதே ஆபத்து உண்டு, அதன் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. சாவி சரியா தப்பா என்று எடிட்டருக்குத் தெரியாது. 2021இல் விம் ‘லிப்சோடியம்’ என்ற நூலகத்தின் துணையோடு எக்ஸ்சாச்சா20 முறையைச் சேர்த்தபோதுதான் இது மாறியது. பூட்டிய எழுத்தோடு ஒரு முத்திரையும் சேர்ந்து பதிவாகிறது. சாவி பொருந்தாவிட்டால் முத்திரை பொருந்தாது, கோப்பு திறக்காது. குப்பையைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

மூன்றாம் முறை அவனும் லிப்சோடியத்துக்கே போனான். சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கக் கூடாது என்று தானே விதி போட்டுக்கொண்டான். கடவுச்சொல்லை நேராகச் சாவியாக்காமல் ‘ஆர்கான்2’ என்ற முறையில் அரைக்கிறான். வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் முறை அது. நமக்கு ஒரு நொடி தாமதம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிற திருடனுக்கு ஆயுள் போதாது.

அதற்குப் பிறகுதான் ‘ரெண்டே இடம்’ என்ற அவன் கணக்கு தப்பு என்று தெரிந்தது. கிலோ ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் இரண்டு நகலாக வைத்திருக்கிறது, ஒன்று உண்மையான வரி, மற்றது திரைக்குக் காட்டும் வடிவம். வரி நீளும்போது புது இடத்துக்குப் பெயர்ந்தால் பழைய இடத்தில் எச்சம் அப்படியே கிடக்கலாம். வேலை முடிந்ததும் நினைவகத்தைத் துடைக்க ‘மெம்செட்’ என்று எழுதினான். சி மொழி கம்பைலரோ, “இனி யாரும் படிக்காத இடத்தை எதற்குத் துடைப்பது?” என்று அந்த வரியையே நீக்கிவிட வாய்ப்புண்டு. நீக்க முடியாதபடி துடைக்கத் தனிக் கட்டளை வேண்டும். லிப்சோடியத்தில் அது இருக்கிறது. மின்சாரம் போனால் மீட்பதற்காகப் பெரிய எடிட்டர்கள் பக்கத்திலேயே எழுதி வைக்கும் தற்காலிகக் கோப்பு இன்னொரு ஓட்டை. விம்மில் எக்ஸ்சாச்சா20 போட்டால் அந்தத் தற்காலிகக் கோப்பையே பயன்படுத்துவதில்லை. விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் குழு இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பூட்டு வசதியைக் கழற்றி எறிந்துவிட்டது. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு எழுதுகிற இடத்திலேயே பூட்டு இருந்தால்தான் பூட்டுகிற பழக்கமே வரும்.

கிலோ சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதும். சாதாரணக் கோப்பென்றால் நடுவில் மின்சாரம் போனாலும் பாதியாவது மிஞ்சும். முத்திரை போட்ட கோப்பில் பாதி என்பதே கிடையாது. அதனால் முதலில் வேறு பெயரில் முழுதாக எழுதி, பிறகு பெயரை மாற்றும்படி செய்தான். இந்த யோசனையை மட்டும் நான் சொன்னேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் எப்போதும் செய்வதுதான்.

இப்போது என் குறிப்புகள் உள்ளே இருக்கின்றன. இம்முறை நகலெடுத்து, பூட்டி, மூடி, திறந்து பார்த்த பிறகே பழையதை அழித்தேன். மடிக்கணினி அடுத்த வாரம் கடைக்குப் போகிறது.

அந்த அம்மா இன்னும் அழைக்கவில்லை. இரவு பத்துக்கு மேல் தெரியாத எண் வந்தால் பாட்டைக் கொஞ்சம் நீட்டிவிட்டு நானே எடுக்கிறேன்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. இந்தப் பூட்டுக்கு ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற பொத்தான் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்களைக் கடவுச்சொல்லாக வைத்து, அதைத் தாளில் எழுதி அம்மாவின் அலமாரியில் நகைப்பெட்டிக்குள் வைத்தேன். ‘டபிள்யூ’ இல்லாத சொற்களாகப் பார்த்துத்தான். அம்மா தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னடி இது, சாமான் லிஸ்ட்டா? இதுல ரெண்டு கடையிலயே கிடைக்காதே!”