அவுட்டரில் நிற்கும் ரயில்

“கோவையிலிருந்து பறந்து வரும் ரயில், சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவுட்டரில் நின்றுவிடுகிறதே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

மணிக்கு 160, 180 கி.மீ. என்று முழங்கித்தான் வந்தே பாரத்தை விட்டார்கள். 2023 ஏப்ரலில் தொடங்கியபோது கோவை–சென்னை சுமார் 495 கி.மீ.க்கு 5 மணி 50 நிமிடம். வகுத்துப் பாருங்கள், சராசரி 85தான்.

வாசகர் கேட்டதற்கு வருவோம். சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து. தொலைதூர ரயில்களுக்கு 12 பிளாட்பாரம். அத்தனைக்கும் வாசல், பேசின் பிரிட்ஜ் பக்கத்துச் சில தண்டவாளங்களாலான குறுகிய கழுத்து. வந்த ரயில் காலியாக யார்டுக்குப் போகும், கழுவித் திரும்பும், பிறகு ஆட்களோடு கிளம்பும். ஆக, ஒரே ரயில் அந்தக் கழுத்தை நான்கு முறை அடைக்கிறது.

அங்கே ஆட்சி செய்வது, பாதைகளையும் சிக்னல்களையும் பிணைத்துப் பூட்டும் இன்டர்லாக்கிங். கொத்துச்சாவியை இடுப்பில் செருகிய பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பேரன் கூடத்தைக் கடக்க வேண்டுமா? குறுக்கே வரக்கூடிய அறைகளையெல்லாம் பூட்டிவிட்டுத்தான் “வா” என்பாள். அவன் தாண்டி முடிக்கும்வரை சின்னவன் எவ்வளவு கத்தினாலும் கதவு திறக்காது. தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்றும் தடவிப் பார்ப்பாள்: ரயிலைத் தடம் மாற்றும் பாயின்டில் நகரும் தண்டவாளத்துக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தடிமனுக்கு ஏதாவது சிக்கினாலும் பூட்டு விழக் கூடாது. சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது பாட்டியின் பிடிவாதம். “வா” என்று சொன்ன பிறகு மனம் மாறினால், சிக்னலை உடனே சிவப்பாக்கலாம். ஆனால், ரயில் நெருங்கிவிட்டிருந்தால் பூட்டுகள் சுமார் 2 நிமிடத்துக்கு அவிழாது. பேரன் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருப்பானே! (எங்கள் வீட்டுப் பாட்டி 2 நாள் ஆனாலும் அவிழ்க்க மாட்டாள்.)

வரலாறு கேட்பவர்களுக்கு: 1856-ல் ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் இன்டர்லாக்கிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அன்று லீவரும் இரும்புக் கம்பியும், இன்று கம்ப்யூட்டர். தர்க்கம் மாறவில்லை. போதும்.

பாதை கிடைத்தாலும் பாய முடியாது. பாயின்டில் தடம் மாறும்போது, அதன் வளைவைப் பொறுத்து மணிக்கு 15 அல்லது 30 கி.மீ.தான். வந்தே பாரத்துக்கும் அதே கணக்கு. எஞ்சினை எவ்வளவு வேகமாக்கினாலும் இந்தக் கழுத்து அகலாது. கூடுதல் தண்டவாளமோ வேறு முனையமோதான் வழி.

ஒரு வேண்டுகோள். அவுட்டரில் நிற்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்துவிடாதீர்கள். உங்கள் ரயில் நிற்பதே, பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொன்றுக்குப் பாட்டி “வா” சொல்லிவிட்டதால் இருக்கலாம்.