எண் இசையாகும் இடம்

மொன்றியலுக்கு அண்மையிலுள்ள சென் உஸ்ராஷ் தேவாலயத்தில், 1980ஆம் ஆண்டு, மொன்றியல் சிம்பொனி இசைக்குழுவின் இசையை டெக்கா நிறுவனம் இலக்கமுறையிற் பதிவு செய்தது. 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. இசையை எண்களாகச் சேமிக்கும் வழக்கம் இல்லங்கள்தோறும் பரவியது.

எண்களை நம் செவி அறியாது. இறுவட்டில் இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் செக்கனுக்கு 44,100 எண்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளுள் ஒன்றைக் குறிக்கும். இவற்றை மின்னாக்குவது இலக்க-ஒப்புமை மாற்றி. பல கருவிகளில் அது தரும் சிறு மின்னோட்டத்தைச் செயற்பாட்டு விரியலாக்கி வோல்ற்றளவாக்கும். செவிக்கு எட்டாத மிகை மீடிறன்களை வடி நீக்கும். கொள்ளளவி நேரோட்டத்தைத் தடுக்கும். கருவியை இயக்கும்போது எழும் வெடிப்பொலியை ஒரு திரான்சிஸ்ரர் அடக்கும். இவையே வெளியீட்டுப் பகுதி.

ஒரு பக்கம் ஊமையானதும் கருவியையே வீசிவிடுகிறோம். பழுதுற்றதோ சில சதம் பெறுமதியான உறுப்பாக இருக்கலாம். அதைக் கண்டறியும் வழி யாது?

முதலாவதாக, இறுவட்டுக் கருவியின் பின்புறத்தில் இட, வல இணைப்புகளை மாற்றிச் செருகுக. மௌனம் மற்ற ஒலிபெருக்கிக்கு இடம்பெயர்ந்தால் பழுது கருவியினுள் உள்ளது. இடம்பெயராவிடின் வடத்தையும் பெருக்கியையும் ஒலிபெருக்கியையும் ஆராய்க.

இரண்டாவதாக, விரியலாக்கிக்கு மின்வழங்கல் கிடைக்கின்றதா என அளக்க வேண்டும். நேர், மறை வழங்கல் இரண்டும் உள்ள சுற்றில், இசையில்லாதபோது அதன் வெளியீடு பூச்சியத்தை அண்மித்திருக்கும். வழங்கல் அளவை ஒட்டி நின்றால் அவ்விரியலாக்கியையோ அதற்கு முன்னுள்ள பகுதியையோ ஐயுறலாம்.

மூன்றாவதாக, விரியலாக்கிவரை வந்த இசை வெளியே வராவிடின், ஒலியடக்கும் திரான்சிஸ்ரரையும் கொள்ளளவியையும் சோதிக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் மெலிந்து கேட்பின், முதுமையடைந்த கொள்ளளவி காரணமாகலாம்.

இரு பக்கங்களும் ஒரே அமைப்புடையவை. ஆகவே நலமான பக்கமே பழுதுற்ற பக்கத்திற்கு உரைகல். ஒவ்வோர் இடத்திலும் இரண்டையும் அளந்து ஒப்பிடுக. வேறுபாடு தோன்றும் இடத்திற் பழுது மறைந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, கருவியினுள் 120 வோல்ற் மின் பாய்கிறது. பயிற்சி பெற்ற பெரியவர் துணையின்றி மூடியைத் திறத்தல் ஆகாது. இணைப்பை மாற்றிப் பார்க்கும் முதற் சோதனையை நீங்களே செய்யலாம். நோயின் காரணத்தை அறிந்த பின்பே மருந்தை நாடவேண்டும் என்று வள்ளுவர் காட்டிய நெறி, மனித உடலுக்கு மட்டுமன்றி மின்சுற்றுக்கும் பொருந்தும்.